அப்பாவின் சனிக்கிழமைக் கூட்டாளிகள்

கேள்வி: "அப்பாவுக்கு 72 வயது. ஓய்வுபெற்று அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் பாய்ஸி நகரில் இருக்கிறார். அம்மா இறந்த பிறகு, தன் வயதையொத்த ஐந்தாறு பேருடன் சேர்ந்து, சனிக்கிழமை தோறும் சிறு விமானங்களில் மலைகளுக்குள் போய் ஏதோ ஒரு புல்வெளியில் இறங்கி, காலை உணவு சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறார். அந்த ஓடுதளங்களின் படங்களைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்குகிறது. இந்த வயதில் இது தேவையா? ஒருவரை ஒருவர் உசுப்பேற்றிக்கொள்கிறார்களோ என்று பயமாக இருக்கிறது. எப்படி நிறுத்துவது?"

உங்கள் பயம் நியாயமானது. சிறு விமானத்தில் பறப்பது காரில் போவதைவிட ஆபத்தானது. மலைக்குள் பறப்பது சமவெளியில் பறப்பதைவிட ஆபத்தானது. இதை மறுக்கிற விமானி எவராக இருந்தாலும் அவரை நம்பாதீர்கள். எனக்கு 69 வயது. 22 ஆண்டுகளாக இதே மலைகளுக்குள் பறந்துவருகிறேன். மூன்று பேர் கூட்டாக வைத்திருக்கும் ஒரு செஸ்னா 182 விமானத்தில் ஒரு பங்கு என்னுடையது. உங்கள் அப்பாவின் குழுவை எனக்குத் தெரியாது. ஆனால் அதைப் போன்ற ஒரு குழுவில்தான் நானும் இருக்கிறேன். அதனால், எப்படி நிறுத்துவது என்பதற்கு முன்னால், உசுப்பேற்றுவதைப் பற்றிய உங்கள் சந்தேகத்துக்குப் பதில் சொல்ல விரும்புகிறேன். நல்ல குழுவில் நடப்பது அதற்கு நேர்மாறானது. இந்த வயதில் ஒரு விமானியிடம் உண்மையைச் சொல்ல மனைவியால் முடியாது, மகளால் முடியாது, டாக்டராலும் பாதிதான் முடியும். அவர் தரையிறங்குவதை வாரா வாரம் பார்த்துக்கொண்டு நிற்கிற ஆளால் மட்டுமே முடியும்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள். பாய்ஸி விமான நிலையத்தில் நீங்கள் வந்து இறங்கும் ஓடுபாதையின் நீளம் 10,000 அடி. எங்கள் கூட்டத்தார் அடிக்கடி போகிற ஜான்சன் கிரீக் ஓடுதளம் 3,400 அடி, முழுக்கப் புல்தரை, கடல்மட்டத்திலிருந்து 4,933 அடி உயரத்தில், பள்ளத்தாக்கு ஒன்றின் அடியில் ஓடையை ஒட்டிப் படுத்திருக்கிறது. மாநில அரசுக்குச் சொந்தமானது. கூடாரம் போட இடம் உண்டு, குளிக்க வெந்நீர்கூட உண்டு. பாய்ஸியிலிருந்து காரில் போனால் மலைப்பாதையில் மூன்று நான்கு மணி நேரம் ஆகும். என் செஸ்னாவுக்கு முக்கால் மணி நேரம் போதும். இவ்வளவுக்கும் இதுதான் எங்களுக்குச் சுலபமான இடம். இன்னும் உள்ளே, ஃபிராங்க் சர்ச் வனக்காப்புப் பகுதியில், கேபின் கிரீக் ஓடுதளம் 1,750 அடி. சோல்ஜர் பார் அதைவிடக் குட்டை, சரிவானது, வளைந்ததும்கூட. அதன் ஓரத்தில் 1879இல் இங்கே நடந்த சண்டையில் இறந்த ஒரு சிப்பாயின் கல்லறை இருக்கிறது. நான் அங்கே போன ஒவ்வொரு முறையும், விமானத்தை நிறுத்திய பிறகு முதலில் அந்தக் கல்லுக்கு முன்னால்தான் போய் நின்றிருக்கிறேன்.

இத்தகைய இடங்களில் பல ஒருவழி ஓடுதளங்கள். மேட்டை நோக்கி இறங்க வேண்டும், பள்ளத்தை நோக்கி மேலெழ வேண்டும். எதிரே மலை நிற்பதால் ஒரு கட்டத்துக்குப் பிறகு இறக்கத்தைக் கைவிட்டு மறுபடி ஏற முடியாது. அந்தக் கட்டம் எது என்பதைப் பள்ளத்தாக்குக்குள் நுழைவதற்கு முன்பே மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் அப்பா ஏன் விடியற்காலையில் ஓடுகிறார் என்று யோசித்திருப்பீர்கள். உற்சாகம் ஒரு காரணம். முக்கியமான காரணம் காற்று. 5,000 அடி உயரத்தில் இருக்கும் ஓர் ஓடுதளத்தில் பிற்பகல் வெப்பம் 30 டிகிரியைத் தொட்டால், காற்று மெலிந்துபோய், விமானம் ஏறத்தாழ 8,000 அடி உயரத்தில் இருப்பதைப் போல நடந்துகொள்ளும். சாதாரண என்ஜின் தன் சக்தியில் நாலில் ஒரு பங்கை இழந்துவிடும். இறக்கைக்கும் ப்ரொப்பெல்லருக்கும் பிடிப்புக் குறையும். மேலெழ இன்னும் நீண்ட தூரம் ஓட வேண்டும், மரங்களோ இருந்த இடத்திலேயே இருக்கும். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கில் காற்றும் முரட்டுத்தனமாகும். ஆகவே ஆறு மணிக்குக் கிளம்பி, ஏழு மணிக்கு அடுப்பு மூட்டி, பத்து மணிக்குள் மலையை விட்டு வெளியே வந்துவிடுவது எங்கள் வழக்கம். ஒன்பது மணிக்கு ஒருவர் "இன்னொரு காபி" என்றால் மற்றவர்கள் எழுந்து கூடாரத்துணியை மடிக்கத் தொடங்கிவிடுவார்கள். யாரும் வாக்குவாதம் செய்வதில்லை.

இனி நண்பர்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

நான் பறக்கத் தொடங்கிய முதல் கோடையில் ஜான்சன் கிரீக்கில் இறங்கினேன். அழகாக இறங்கியதாகத்தான் நினைத்தேன். குழுவில் ஒருவர், அப்போது 61 வயது. இளமையில் ஐடஹோவின் மெக்கால் ஊரிலுள்ள தளத்திலிருந்து பாராசூட்டில் குதித்துக் காட்டுத்தீயை அணைத்தவர். அந்தத் தொழிலின் முதல் குதிப்பே 1940இல் இதே ஐடஹோ மலைக்காட்டில்தான் நடந்தது. அவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்த பிறகு, "கொஞ்சம் நடந்துவிட்டு வரலாம்" என்று அழைத்துப் போனார். புல்லில் பனி இன்னும் காயவில்லை. விமானச் சக்கரங்கள் தொட்ட இடத்தில் பனி கலைந்து, இரண்டு கரும்பச்சைக் கோடுகள் தெளிவாகத் தெரியும். "நீ எங்கே தொட நினைத்தாய்?" என்று கேட்டார். காட்டினேன். அங்கிருந்து என் கோடுகள் தொடங்கும் இடம் வரை காலடிகளை எண்ணிக்கொண்டே நடந்தார். ஏறக்குறைய 500 அடி.

நான் வேகமாக வந்திருந்தேன், அவ்வளவுதான் தவறு. இறங்கும் வேகம் பத்து சதவீதம் கூடினால் நிற்க வேண்டிய தூரம் 21 சதவீதம் கூடும். அதற்கு முன்பே விமானம் புல்லைத் தொடாமல் மிதந்து சாப்பிட்டுவிடும் தூரம் தனி. 3,400 அடியில் அது மன்னிக்கப்பட்டுவிட்டது. "கேபின் கிரீக்குக்கு இந்த ஆண்டு வராதே" என்றார். நான் இரண்டு ஆண்டு போகவில்லை. மூன்றாம் ஆண்டு அவரே என் வலப்பக்க இருக்கையில் உட்கார்ந்து வந்தார். வழி முழுவதும் வாயைத் திறக்கவில்லை. இறங்கி என்ஜினை நிறுத்தியதும் என் தோளைத் தட்டிவிட்டு, அடுப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இதைத்தான் நட்பு என்கிறேன். குட்டையான ஓடுதளம் யாரையும் பெருமை பேச விடாது. நீளமான ஓடுபாதையில் மோசமாக இறங்குகிறவரும் நன்றாக இறங்குகிறவரும் கடைசியில் ஒரே இடத்தில்தான் போய் நிற்பார்கள். பனிப்புல்லில் அந்த மறைப்பு கிடையாது. ஆறு பேர் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், போதாததற்குப் புல்லும் எழுதி வைத்துக்கொள்கிறது. இருபது முப்பது ஆண்டுகள் இப்படி ஒருவர் கோட்டை ஒருவர் பார்த்துப் பழகியவர்களிடம் நடிப்பு மிஞ்சியிருக்காது.

அந்தப் பெரியவருடைய விமானம் பைப்பர் ஜே-3 கப். மஞ்சள் நிறம், இரண்டு இருக்கை, ஒன்றன்பின் ஒன்றாக. 1938 முதல் 1947 வரை ஏறத்தாழ 20,000 செய்யப்பட்டது. 65 குதிரைத்திறன் என்ஜின். அதில் மின்சார ஏற்பாடே கிடையாது. பாட்டரி இல்லை, ஸ்டார்ட்டர் இல்லை, ரேடியோ வேண்டுமானால் கையில் ஒன்றைக் கொண்டுபோக வேண்டும். ப்ரொப்பெல்லரைக் கையால் சுழற்றித்தான் என்ஜினைக் கிளப்ப வேண்டும். உள்ளே ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க, வெளியே இன்னொருவர் சுழற்றுவதுதான் பாதுகாப்பான முறை. வெளியே நிற்பவர் "சுவிட்ச் ஆஃப்" என்று உரக்கச் சொல்வார், உள்ளே இருப்பவர் அதையே திருப்பிச் சொல்வார். பிறகு "காண்டாக்ட்" என்று ஒரு குரல், "காண்டாக்ட்" என்று மறுகுரல். ஒருவர் கவனம் பிசகினால் மற்றவர் கை போய்விடும், உயிரும் போகலாம். அதனால் நாற்பது ஆண்டு பழகியவர்களும் ஒரு சொல் குறைக்காமல், ஒவ்வொரு முறையும், இந்தப் பாடத்தை முழுதாகச் சொல்கிறார்கள். அந்தக் கூப்பிடு குரல்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

எங்கள் குழுவில் எல்லோரும் ஆண்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 74 வயதான ஓர் அம்மையார் இருக்கிறார், பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியையாக இருந்தவர். குட்டை ஓடுதளத்தில் அவரைப் போல இறங்க எங்களில் ஒருவராலும் முடியாது. ஐந்து மணிக்கு மலை வானிலையைப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் தொலைபேசியில் சொல்பவர் அவர்தான். "இன்று வேண்டாம்" என்று யாராவது சொன்னால் அன்று அப்படிச் சொன்னவர் வரமாட்டார், ஏன் என்று ஒருவரும் கேட்கக் கூடாது. முதுகுவலியோ, சரியாகத் தூங்கவில்லையோ, மனைவியின் நினைவு நாளோ. காரணம் கேட்கத் தொடங்கினால் மனிதர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள் என்பதால் இந்தக் கட்டுப்பாடு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஓடுதளங்கள் தானாக உயிரோடு இருக்கவில்லை. சுரங்கக்காரர்களும் பண்ணைக்காரர்களும் வனத்துறையினரும் அந்தக் காலத்தில் போட்டவை. 1980இல் இந்தப் பகுதியை வனக்காப்புப் பகுதியாக அறிவித்த சட்டம், அப்போது வழக்கமான பயன்பாட்டில் இருந்த ஓடுதளங்களை மாநிலத்தின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் நிரந்தரமாக மூடக் கூடாது என்று எழுதி வைத்தது. ஆனால் சட்டம் கல் பொறுக்காது, களை பிடுங்காது. வனக்காப்புப் பகுதிக்குள் மோட்டார்க் கருவிகளுக்கு அனுமதி இல்லை. மண்வெட்டியும் கைரம்பமும் கோவேறு கழுதையும்தான். நம் ஊர்களில் குடிமராமத்து என்று ஏரிக்கரையில் ஊர் கூடுவார்களே, அதைப் போல ஒவ்வொரு கோடையிலும் விமானிகள் கூடுகிறார்கள். 2003இல் மொன்டானாவில் சில விமானிகள் சேர்ந்து, இத்தகைய ஓடுதளங்களைக் காப்பதற்கென்றே ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். பிக் கிரீக் ஓடுதளத்தில் இருந்த பழைய மரவிடுதி 2008இல் எரிந்துபோனபோது, அதை மறுபடி எழுப்பியதில் விமானிகளின் பணமும் உடலுழைப்பும் இருக்கின்றன. உங்கள் அப்பா கை காய்த்துப்போய் வீடு திரும்பிய நாள் ஏதாவது இருந்தால், காரணம் அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்.

வயதைப் பற்றிக் கேட்டீர்கள். அமெரிக்காவில் பயணிகள் விமானத்தை ஓட்டுகிறவருக்கு 65 வயது வரம்பு உண்டு. தனக்காகச் சொந்தமாகப் பறப்பவருக்கு மேல் வரம்பே கிடையாது. 80 வயதுக்குப் பிறகும் தலைமை விமானியாகப் பறந்தவர்களுக்கு மட்டும் என்று ஒரு சங்கமே இருக்கிறது. 2017 முதல் பேசிக்மெட் என்ற ஏற்பாடு நடைமுறையில் உள்ளது. நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை வழக்கமான டாக்டரிடம் பரிசோதனை, இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை இணையவழிப் பாடம். இது போக, இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை பயிற்சியாளர் ஒருவருடன் பறந்து காட்ட வேண்டும். அவ்வளவுதான் சட்டம் கேட்பது. இரண்டு ஆண்டு என்பது 32 வயதில் ஒன்றுமில்லை, 78 வயதில் அது நீண்ட காலம். இடையில் ஒரு மனிதரிடம் என்னென்னவோ மாறிவிடலாம். அந்த இடைவெளியில் காவல் நிற்பவர்கள் கூட்டாளிகள்தான்.

இப்படி நான் எழுத முடிவதற்குக் காரணம், அந்தக் காவலை ஒரு முறை நானே நிற்க வேண்டி வந்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால். அந்தத் தீயணைப்பு வீரருக்கு அப்போது 81. ஒரு சனிக்கிழமை அவருடைய கப்பின் சக்கரக் கோடுகள், ஓடுதளத்தின் தொடக்கத்தைக் காட்டும் வெள்ளை அடையாளங்களுக்கு முன்பே தொடங்கியிருந்தன. அவர் அப்படி இறங்கியதே இல்லை. அடுத்த வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம், ஆசிரியை அம்மையார் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இரண்டு வாரமாக இருவரும் தனித்தனியே பார்த்திருக்கிறோம், வாய் திறக்க மனம் வரவில்லை. மற்றவர்கள் எதிரில் பேசுவதில்லை என்று முடிவு செய்துகொண்டோம். சாப்பாடு முடிந்த பிறகு, "கொஞ்சம் நடந்துவிட்டு வரலாமா?" என்று நான் அந்தப் பெரியவரை அழைத்தேன். அந்தச் சொற்களைச் சொல்லும்போதே என் தொண்டை அடைத்தது. அவருக்கும் உடனே புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

மூவரும் நடந்தோம். குனிந்து அந்தக் கோடுகளை நெடுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "எத்தனை வாரமாக?"

"மூன்று."

"பிறகு ஏன் மூன்று வாரம் காத்திருந்தீர்கள்?"

இன்றுவரை அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவர் சொன்னது சரி. முதல் வாரமே சொல்லியிருக்க வேண்டும். அவர் எனக்கு முதல் நாளே சொன்னவர். அன்று அவருடைய விமானத்தை அம்மையார்தான் ஓட்டித் திரும்பினார். பிறகு பெரியவர் கண் டாக்டரிடம் போனார், பயிற்சியாளருடன் இரண்டு முறை பறந்து பார்த்தார், தானே முடிவெடுத்தார். யாரும் அவரிடமிருந்து சாவியைப் பிடுங்கவில்லை; அந்த விமானத்துக்குச் சாவியும் இல்லை.

ஆகவே அப்பாவை எப்படி நிறுத்துவது என்று கேட்பதற்குப் பதிலாக, அவரிடம் வேறு சிலவற்றைக் கேளுங்கள் என்பேன். கடைசியாக எப்போது பயணத்தைக் கைவிட்டீர்கள், ஏன்? இந்தக் கோடையில் எந்த ஓடுதளத்துக்குப் போவதில்லை என்று வைத்திருக்கிறீர்கள்? குளிர்காலம் முடிந்து முதல் முறை மலைக்குள் போவதற்கு முன்பு பயிற்சியாளருடன் பறந்தீர்களா? உங்கள் இறக்கம் சரியில்லை என்று கடைசியாக உங்களிடம் சொன்னவர் யார்? கடைசிக் கேள்விக்கு அவர் ஒரு பெயரைச் சொன்னால் நிம்மதியாக இருங்கள். "அப்படி யாரும் சொன்னதில்லை" என்று பெருமையாகச் சொன்னால் அப்போது பயப்படுங்கள், அந்தக் குழு நல்ல குழு இல்லை. அவர் கையில் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த மலைகளில் கைபேசி எடுக்காது. எங்கள் குழுவில் ஒவ்வொருவரும் திரும்பி வந்து இறங்கியதும் அம்மையாருக்குச் செய்தி அனுப்ப வேண்டும். குறித்த நேரம் தாண்டினால் அவர் காத்திருக்காமல் தேடலைத் தொடங்கிவிடுவார். அந்தப் பட்டியலில் உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். மகள் என்ற உரிமையோடு கேளுங்கள்.

அம்மா போன பிறகு தொடங்கினார் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் குழுவிலும் மூன்று பேர் துணையை இழந்தவர்கள். மலைக்குள் அவர்கள் அதைப் பற்றிப் பேசுவதைக் கேட்டால், பெரும்பாலும் பான்கேக் மாவைப் பற்றிப் பேசுவது போலத்தான் இருக்கும்: அவள் இதில் கொஞ்சம் மோர் விடுவாள், இவ்வளவு கெட்டியாக விடமாட்டாள். கேட்டுக்கொண்டிருப்பவருக்கும் சொல்ல ஒரு மாவு இருக்கிறது. வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து அவர்களால் அந்தப் பேச்சைத் தொடங்க முடியாது.

அந்தப் பெரியவருக்கு இப்போது 83 வயது. சனிக்கிழமைகளில் இன்னும் வருகிறார். கப் விமானத்தில் ஒரு வினோதம் உண்டு: எடைச் சமநிலைக்காக, தனியாகப் பறப்பவர் பின் இருக்கையில்தான் உட்கார வேண்டும். அதனால் ஓட்டுகிறவர் பின்னால், உடன் வருகிறவர் முன்னால். ஐம்பது ஆண்டுகளாகப் பின் இருக்கையிலிருந்து அடுத்தவர் தலையைப் பார்த்துக்கொண்டு பறந்த மனிதர், இப்போது முன்னால் உட்காருகிறார். பறக்கும்போதே கதவைத் திறந்து வைத்துக்கொள்ளலாம் என்பதால், பள்ளத்தாக்கு முழுவதும் அவர் வலப்பக்கத்தில் விரிந்து கிடக்கும். சென்ற செப்டம்பரில் நான் பின்னால் இருந்தேன். ஓடை வளையும் இடத்தில் எல்க் மான்கள் நின்றிருந்தன. கையை வெளியே நீட்டி எனக்குக் காட்டினார். இறங்கிய பிறகு என்னைக் கேட்காமலேயே நடக்கத் தொடங்கினார், என் கோடுகளைப் பார்க்க.

ஒரு சனிக்கிழமை அப்பாவுடன் நீங்களும் போங்கள். அவரிடம் கேட்டால் முகம் மலர்ந்துவிடும். மெத்தென்ற செருப்பு வேண்டாம், தண்ணீர் புகாத ஷூ போட்டுக்கொள்ளுங்கள். ஏழு மணிக்குப் புல் முழுக்க ஈரமாக இருக்கும், அவருடைய கோடுகள் எங்கே தொடங்குகின்றன என்று பார்க்க நீங்களும் நடக்க வேண்டியிருக்கும்.